காலி வீதி கொண்டக்டர் தம்பிமாருக்கு ஒரு சிடுமூஞ்சியின் திறந்த மடல்

தம்பிமாரே,

நான் கொழும்பு வெள்ளவத்தைக்காரன். எங்கள் ஒழுங்கையில் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள், அதில் எனக்கு மனவருத்தம் ஒன்றும் இல்லை, உண்மையைத்தானே சொல்கிறார்கள். பாண் ஓட்டோக்காரன் காலையும் மாலையும் பேத்தோவனின் அந்த ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாலும் முணுமுணுப்பேன், ஒரு நாள் வராமல் விட்டாலும் முணுமுணுப்பேன். இன்றைக்கு அவனை விட்டுவிடுகிறேன். இன்றைக்கு உங்கள் முறை.

விசயம் மிச்சக்காசு.

போன கிழமை புறக்கோட்டைக்குப் போக ஏறினேன். நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். உங்களில் ஒருவர் அதை வாங்கி, நீளவாக்கில் மடித்து, விரல்களுக்கு இடையில் ஏற்கெனவே விசிறி மாதிரி நின்ற தாள்களோடு சொருகிக்கொண்டு, டிக்கெட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு எண்ணைக் கிறுக்கிக் கையில் தந்து, "இதுரு பஸ்ஸே" என்றார். மிச்சம் பிறகு. சரி, பிறகு என்றால் எப்போது? பம்பலப்பிட்டி போனது, கொள்ளுப்பிட்டி போனது, காலிமுகத்திடலில் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஏனென்றால் என் கண் முழுக்க அந்த விரலிடுக்கில்தான் இருந்தது. வாய்விட்டுக் கேட்கவும் ஒரு மாதிரியாக இருக்கிறது. வயதுபோன மனிசன் இத்தனை பேருக்கு முன்னால் சில்லறைக்காகக் கத்துவதா என்று ஒரு கௌரவம். இறங்குவதற்கு இரண்டு ஹோல்ட், அதாவது பஸ் நிறுத்தம், இருக்கும்போது கௌரவத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தால், நீங்கள் பின்வாசலில் தொங்கிக்கொண்டு "பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று புறக்கோட்டையின் சிங்களப் பெயரைச் சொல்லி ரோட்டைக் கூப்பிடுகிறீர்கள், நான் முன்வாசலில். இடையில் ஐம்பது பேர். இறங்கினேன், பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டு, "ஹரி யங்", சரி போவோம் என்று போய்விட்டீர்கள். கையில் டிக்கெட்டும் அதன் முதுகில் என் காசின் கணக்கும்.

இப்படிப்பட்ட துண்டுகள் என் மேசை லாச்சியில் 17 கிடக்கின்றன. ஒரு மழை நாளில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், 412 ரூபாய். மனுசி பார்த்துவிட்டு, "பஸ்காரருக்குக் கடன் கொடுத்துவிட்டு ரசீதும் வாங்கி வைத்திருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்" என்றாள்.

2022 ஜூலையில் பஸ்ஸின் ஆகக் குறைந்த கட்டணம் 40 ரூபாய்க்கு ஏறியபோது நாடே வயிற்றில் அடித்துக்கொண்டது, நானும்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அப்போது நூறைக் கொடுத்தால் மூன்று இருபது ரூபாய்த் தாள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். பிறகு கட்டணம் 38, 34 என்று இறங்கியது, எல்லாரும் சந்தோசப்பட்டார்கள், எனக்கு மட்டும் அந்த இரண்டு ரூபாயும் ஒரு ரூபாயும் எந்தக் காலத்தில் கைக்கு வரும் என்ற கவலை. விலை குறைந்ததற்கும் குறை சொல்கிற ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், இதையும் மறைக்கக் கூடாது. "மாறு சல்லி தென்ன", சில்லறை தாருங்கள் என்று நீங்கள் கை நீட்டும்போது இல்லை என்று தலையாட்டுகிறேனே, என் பையில் ஐந்து ரூபாய் நாணயக் குத்திகள் கிடக்கும். அவை பிள்ளையார் கோயில் உண்டியலுக்கும் மரக்கறிக் கடைக்காரனுக்கும் என்று ஒதுக்கியவை. பஸ்ஸில் நிற்கிற பாதிப் பேர் பையிலும் அப்படி ஏதோ கிடக்கும் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் என் குத்தியை நான் ஒளிப்பதும் என் காசை நீங்கள் வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல, கவனியுங்கள்.

பஸ்ஸை நிறுத்தாத கதைக்கு வருகிறேன். இதுவும் மிச்சக்காசோடு பிறந்த தம்பிதான், பஸ் ஒழுங்காக நின்றால் நான் ஏன் மிச்சக்காசை விட்டுவிட்டு இறங்குகிறேன்? என் பதின்ம வயதில் மாமா சொல்லித் தந்த பாடம்: கம்பியை விடாதே, பஸ் போகிற பக்கம் பார், இடது காலை முதலில் வை, வைத்ததும் இரண்டு எட்டு ஓடு. அப்போது அது விளையாட்டு. இப்போது அந்த இரண்டு எட்டுக்கு என் முழங்கால் ஒத்துவரவில்லை. மழை பெய்து முடிந்த ரோட்டில், வீதியோரமாக ஒரு சைக்கிளும் வந்துகொண்டிருக்க, பின்னால் நீங்கள் "பஹின்ன, பஹின்ன", இறங்குங்கள் இறங்குங்கள் என்று அவசரப்படுத்தும்போது ஒரு மனிசனுக்கு வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஏன் பறக்கிறீர்கள் என்று தெரியாமல் இல்லை. 1958இல் பஸ்களை அரசாங்கம் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) என்று ஆக்கியது, எழுபதுகளின் கடைசியில் தனியாருக்கு மறுபடி கதவு திறந்தது. உங்களுக்குக் கிடைப்பது அநேகமாக அன்றன்றைய வசூலைப் பொறுத்தது. ஹோல்டில் நிற்கிற டைம் கீப்பர் முந்திய பஸ் எத்தனை நிமிடத்துக்கு முன் போனது என்று சொல்ல, அவருக்கும் கையில் வைக்க வேண்டும். பாணந்துறையிலிருந்து வருகிற 100ம் மொறட்டுவையிலிருந்து வருகிற 101ம் ஒரே ரோட்டில் ஒரே ஆட்களுக்காக அடிபடும்போது, என்னை இறக்குகிற பத்து விநாடியில் அடுத்த ஹோல்டில் நாலு தலை போய்விடும். கணக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கணக்கில் என் முழங்காலை யார் சேர்த்தார்கள்?

பலகைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் சிடுமூஞ்சி இல்லை. அரசியலமைப்பில் 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று சொன்னது. அந்த 'உம்' எப்படிப்பட்டது என்று பார்க்க உங்கள் ஆசனங்களுக்கு மேலே உள்ள தமிழைப் படித்தால் போதும். தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தில் 'தா' இருக்க வேண்டிய இடத்தில் 'நா' ஏறி உட்கார்ந்த கதையைப் படமெடுத்து எல்லாரும் சிரித்தோம். எழுதினவருக்குத் தமிழ் தெரியாது, அது அவர் குற்றமில்லை. ஒட்டுவதற்கு முன் ஒரு தமிழரிடம் காட்டியிருக்கலாம். பஸ்ஸுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தோமே.

நல்லது ஒன்றும் சொல்லவில்லை என்று குறைப்படாதீர்கள். ஒரு நாள் பம்பலப்பிட்டியில் இறங்கி நடக்கத் தொடங்கியபின், ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு பொடியன் "அங்கிள், இதுரு!" என்று கத்தி, உருட்டிய இருபது ரூபாய்த் தாளை எறிந்தான். சரியாக என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. நிறுத்திக் கொடுத்திருக்கலாம். இருந்தாலும் அந்தப் பொடியனை எனக்குப் பிடிக்கும்.

நாளைக்கு ஏழேகாலுக்கு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் நிற்பேன். நீலக் குடை. லாச்சியில் உள்ள 17 துண்டும் சட்டைப்பையில் இருக்கும், குத்திகளும் கொண்டு வருகிறேன். பின்வாசலால் ஏறுகிறேன், அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைச் சிடுமூஞ்சி