ரால்ஃபை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் பந்தயத்தில் கலக்கிய அண்ணன் தம்பிகள் என்று விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மைக்கேல் ஷூமாக்கரின் 7 உலகப் பட்டங்கள், 91 வெற்றிகள் எல்லாம் சரி, ஆனால் தம்பி ரால்ஃபை 'அண்ணன் நிழலில் மறைந்தவர்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் ஃபார்முலா ஒன்னில் 6 பந்தயம் ஜெயித்தவர். 2001இல் கனடாவில் தம்பி முதலிடம், அண்ணன் இரண்டாவது. கூடப்பிறந்த இருவர் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

ஜெர்மனியில் கெர்பன் ஊரில் ஒரு கார்ட் (சின்னப் பந்தய வண்டி) டிராக்கில் வளர்ந்த பிள்ளைகள். அப்பா கொத்தனார், டிராக் வேலையையும் பார்த்தார். அம்மா எலிசபெத் அங்கேயே கேண்டீனில் இருந்தார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்களே, டிராக்கில் இவர்களும் அப்படித்தான். 2001இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் கிளம்பிய வேகத்தில் மைக்கேல் தன் தம்பியையே பிட் (டயர் மாற்ற, பெட்ரோல் போட கார்கள் நிற்கும் இடம்) சுவர் வரை நெருக்கிக்கொண்டு போனார்.

2003 ஏப்ரலில் இத்தாலியின் இமோலாவில் நடந்த பந்தயத்தை டிவியில் பார்த்தவர்களால் மறக்க முடியாது. யார் முன்னால் நின்று கிளம்புவது என்று முடிவு செய்யும் சனிக்கிழமை தகுதிச் சுற்றில் மைக்கேல் முதல், ரால்ஃப் இரண்டாவது. அம்மா கொலோன் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார், அன்று மாலையே இருவரும் பறந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்பு அம்மா போய்விட்டார். இருந்தும் இருவரும் காரில் ஏறினார்கள். பந்தயம் தொடங்கும் விளக்கு அணைந்ததும் தம்பி அண்ணனை முந்தினார், முதல் பிட் ஸ்டாப் வரை முன்னால் போனது ரால்ஃப்தான், மைக்கேல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு இடம் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் மைக்கேல் ஜெயித்தார். கையில் கறுப்புப் பட்டை, மேடையில் ஷாம்பெயின் கிடையாது. ரால்ஃப் நான்காவது. நான்காவதாக வந்தவருக்கு மேடை இல்லை, கேமரா முழுக்க அண்ணன் முகத்தில் இருந்தது, அதே அம்மாவை அதே நாளில் இழந்தவர் இவரும்தானே!

அப்புறம் இன்னொன்று, கோவைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். 2005 அமெரிக்கப் பந்தயத்தில் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார், இந்தியர் ஒருவர் ஃபார்முலா ஒன்னில் எடுத்த முதல் புள்ளிகள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை பயிற்சியில், பந்தயம் நடந்த இண்டியானாபோலிஸ் டிராக்கின் சாய்வான வளைவில் ரால்ஃபின் டொயோட்டாவுக்கு டயர் போய்ச் சுவரில் மோதியது. அதில் இருந்த மிஷலின் கம்பெனி டயர் அந்த வளைவைத் தாங்காது என்று ஆகி, ஞாயிற்றுக்கிழமை அந்த டயர் போட்ட 14 கார்கள் ஓடாமலே பிட்டுக்குத் திரும்பின. மிச்சம் 6 கார்தான் ஓடியது, ஜெயித்தது மைக்கேல். அண்ணன், தம்பி, கோவைக்காரர் மூவரும் சேர்ந்த இந்தக் கதை தமிழ்ப் பத்திரிகையில் வராமல் வேறு எதில் வரும்?

ரால்ஃபுக்கென்று தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். அவர் முதல் பந்தயம் ஜெயித்ததும் 2001 ஏப்ரலில் இதே இமோலாவில்தான், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
கோயம்புத்தூர்