விட்டுப் படித்த வரி

தண்டையார்பேட்டை,
சென்னை – 81

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. தாமதத்துக்கு மழையைச் சாக்குச் சொல்லலாம், சோம்பல்தான் காரணம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

சண்டை முடிந்த இரவில் குதிரைப்படை அதிகாரி ஒருவன் மனைவிக்கு என்னதான் எழுதுவான் என்று கேட்டிருந்தாய். முதல் உலகப் போருக்குப் பிரான்சு போன நம் ரிசல்தார்கள், டபேதார்களைப் பற்றிச் சொல்கிறேன். (டபேதார் என்றதும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பவர்தான் நமக்கு நினைவுக்கு வருவார். குதிரைப்படையில் அது ஹவில்தாருக்குச் சமமான பதவி. ரிசல்தார் அதற்கு மேலே, குதிரைப்படை அதிகாரி.) பலருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல இன்னொருவன் எழுதினான். பிறகு தணிக்கை. ஊரில் மனைவிக்கும் எழுத்து தெரியாதென்றால் அங்கே ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். இத்தனை பேர் நடுவே புருஷன் பெண்டாட்டியிடம் எதைப் பேசுவான்?

1917 டிசம்பர் 1 அன்று கம்ப்ரே போரில் லான்ஸ் டபேதார் கோவிந்த் சிங் மூன்று முறை செய்தி கொண்டு பாய்ந்தார். மூன்று முறையும் குதிரை சுடப்பட்டு விழுந்தது. மிச்சத் தூரத்தை ஓடியே கடந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அவருடைய சொந்தப் படைப்பிரிவு பழைய மதராஸ் குதிரைப்படையின் வழிவந்தது என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை. அன்றிரவு அவர் வீட்டுக்கு எழுதியிருந்தால், உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் என்ன இருந்திருக்கும்?

சிலர் மளிகைக்கடைப் பாஷையில் எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது, இனிச் சிவப்பு மிளகுதான் என்றால், நம் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். தணிக்கைக்காரர்களுக்கும் அது புரிந்துவிட்டது. அவர்கள் மொழிபெயர்த்து எடுத்துவைத்த பகுதிகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன.

இதையெல்லாம் படித்தபோது பல குடித்தனங்கள் இருந்த எங்கள் பழைய ஸ்டோர் வீடு நினைவுக்கு வந்தது. முதல் போர்ஷன் அக்காவின் கணவர் டாங்கிப் படையில் நாயப் ரிசல்தார். குதிரை போய் டாங்கி வந்தும் பதவிப் பெயர் மாறவில்லை, பார். 1971 சண்டை முடிந்து, பொங்கல் சமயத்தில் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முத்திரையோடு கடிதம் வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குப் பதின்மூன்று வயது. குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த மூன்று பெண்கள், என் அம்மா, எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

மணியார்டர் வந்ததா, குழந்தைக்கு இருமல் நின்றதா, இங்கே தண்ணீர் உறைகிற குளிர் என்று வாசித்துக்கொண்டே போனேன். அதற்கு அடுத்த வரி: "டாங்கி மூடியைச் சாத்தும்போதெல்லாம் உன் தலையில் இருக்கும் சீயக்காய் வாசனையை நினைத்துக்கொண்டேன்."

எனக்குக் காது சுட்டது. தாண்டிப்போய், "பெரியவர்களுக்கு நமஸ்காரம்" என்று முடித்துவிட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"அவ்வளவுதான்."

கடிதத்தை நான்காக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார். பிறகு கணவர் திரும்பி வந்து, குடும்பத்தையே எர்ணாவூருக்கு அழைத்துக்கொண்டு போனார்.

போன வாரம் தண்டையார்பேட்டை மெட்ரோவில் அக்காவைப் பார்த்தேன். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கணவர் போய் ஆறு வருடமாம். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "கடுதாசி படிப்பியே, அந்தப் பையன்தானே?" என்றார். அந்த வரி இன்றும் எனக்கு மனப்பாடம். வாய்வரை வந்தது, பேத்தி நின்றிருந்தாள், ரயிலும் வந்துவிட்டது.

விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன். போய்ச் சொல்லட்டுமா? உடனே பதில் போடு.

உன் கடைசி பெஞ்சுக்காரன்