நீ டாக்டர் இல்லைன்னு சொல்லிட்டேன்

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுறது,

இங்க எல்லாரும் சௌக்கியம். வாட்ஸ்அப்புல வாய்ஸ் அனுப்புங்கன்னு நீ சொல்லுவ, ஆனா இத வாயால சொல்ல எனக்கு வராது, பக்கத்துல அம்மா வேற இருப்பா, அதான் ராத்திரி எல்லாரும் படுத்தப்பறம் முகப்புல உக்காந்து ஒத்த விரலால தட்டிக்கிட்டு இருக்கேன். கரண்டு ரெண்டு தடவ போயிட்டு வந்துருச்சு. பிழை இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க.

பெரியப்பச்சி தவறினத அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன். அதுக்கு முந்தி நடந்ததச் சொல்லல. அதுல பாதி என் தப்பு.

போன தை மாசம் காரைக்குடில ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்திருக்கோம், எதுத்தாப்புல இருந்த பெரியப்பச்சி உன்னப் பத்தி விசாரிச்சாக. அமெரிக்காவுல ஆஸ்பத்திரில இருக்கான்னேன். டாக்டரான்னு கேட்டாக. நான் "ம்" னுட்டேன். ஒரே எழுத்துதான் ஆத்தா, அதுக்குள்ள வெள்ளைப் பணியாரம் வந்துருச்சு, பேச்சு மாறிருச்சு. ஆனா உண்மையச் சொன்னா அது முதல் தடவ இல்ல. ரெண்டு வருஷமா யாரு கேட்டாலும் ஆஸ்பத்திரில வேலைன்னு மட்டும் சொல்லிட்டு அவுகளா எதையாச்சும் நினைச்சுக்கட்டும்னு விட்டுர்றது. நல்ல கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு சாகக் கிடக்குறவுக பக்கத்துல போயி உக்கார்றா, அதுக்கு ஒரு படிப்பு, அதுக்குச் சம்பளம், இதெல்லாம் நம்ம ஊர்ல எப்படிச் சொல்ல? வரன் பாக்குற நேரத்துல சாவு வீட்டு வேலைன்னு ஆளுக்கொரு பேச்சு பேசுவாகளே. அந்த வேலைக்கு அங்க சாப்ளின்னு பேரு, அதச் சொன்னா அம்மாவே அந்தக் குட்டி மீசைக்காரரான்னுதான் கேட்டா. தமிழ்ல ஒரு வார்த்தை தேடிப் பாத்தேன். குருக்கள்னா பூசை பண்ணணும், ஓதுவார்னா பாடணும், நீ ரெண்டும் பண்றதில்ல, கேக்குறதுதான் வேலைங்கிற. காது குடுக்குறதுக்குன்னு தனியா ஒரு ஆளுக்கு நம்ம பேரு வைக்கலையே.

நீ சொன்னது ஒண்ணும் மறக்கல. இந்தப் படிப்புல ஒரு யூனிட்டுக்குக் குறைஞ்சது 400 மணி நேரம், அந்த மாதிரி நாலு யூனிட், அதுக்கு மேல 2000 மணி நேரம் வேலை பாத்தாத்தான் போர்டு சர்டிபிகேட்டுன்னு சொன்ன. ஒரு ஆடிட்டர் ஆகுறதுக்குக் குறைஞ்ச பாடா இது! 1925ல உங்க பாஸ்டனுக்குப் பக்கத்துல வூஸ்டர்ங்கிற ஊர்ல (எழுதுறது ஒண்ணு சொல்றது ஒண்ணு, என்ன ஊரோ) மனநோய் ஆஸ்பத்திரில நாலே நாலு மாணவரோட இந்தப் படிப்ப ஆரம்பிச்சாராமே ஆன்டன் பாய்சன்னு ஒரு பாதிரியாரு, அவரே அதுக்கு முந்தி மனசு கலங்கி ஆஸ்பத்திரில கிடந்தவருன்னு சொன்னப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. புஸ்தகத்தப் படிக்கிற மாதிரி மனுஷனப் படிக்கணும்னு அவரு சொன்னத நான் நம்ம கணக்குப் பாஷையில வச்சுக்கிட்டேன், மனுஷனே பேரேடு. நோயாளிகிட்டப் பேசினத ராத்திரி உக்காந்து அவுக சொன்னது இது நான் சொன்னது இதுன்னு வரி வரியா எழுதி மறுநா வகுப்புல வச்சு கிழிகிழின்னு கிழிப்பாகன்னியே, அது நாள்வழிக் கணக்கு. எனக்கு இதெல்லாம் புரியுது. அடுத்தவுகளுக்குச் சொல்றப்பதான் வாய் அடைச்சுக்கிருச்சு.

சரி. மாசி கடைசில பெரியப்பச்சிகிட்ட இருந்து எனக்கு வாட்ஸ்அப்புல ஸ்கேன் ரிப்போர்ட் வருது, ஆறு பக்கம், கீழ "டாக்டர் மககிட்டக் காட்டி என்னன்னு கேளு"ன்னு. எனக்குக் கை நடுங்கிருச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம உனக்கு அப்படியே அனுப்பிட்டேன், ஒரு வரி கூட எழுதல, கோழை. நீ கூப்பிட்டு, எனக்கு எதுக்கு சிடி ஸ்கேன் அனுப்பியிருக்கீகன்னு கேட்டப்ப எல்லாத்தையும் கக்கினேன். நீ ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நம்பர் குடுங்க நான் பேசுறேன்னு மட்டும் சொன்ன.

அப்பறம் அவுககிட்ட என்ன பேசினன்னு நீ சொல்லவே இல்ல, நானும் மூணு தடவ கேட்டுப் பாத்தேன், அது அவுக சொல்லணும் அப்பச்சின்னுட்ட. எனக்குக் கோவம்தான். பெத்தவன்கிட்டக் கூடவா? ஆனா அவுகளே சொன்னாக, பத்து நாள் கழிச்சு, நான் பாக்கப் போனப்ப.

"உன் மக எடுத்த எடுப்புலயே, பெரியப்பச்சி நான் டாக்டர் இல்ல, அப்பச்சி தப்பாச் சொல்லிருச்சுன்னு சொல்லிருச்சப்பா. அப்பறம் என்னத்துக்குப் போனுன்னு வைக்கப் போனேன். ராத்திரி தூக்கம் வருதா, வராதப்ப என்ன நினைப்பு ஓடுதுன்னு கேட்டுச்சு. எத்தனையோ பேரு வந்து பாத்தாக, எல்லாரும் ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்து ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போறாகளே ஒழிய இத ஒருத்தரும் கேக்கல. நான் சொல்ல ஆரம்பிச்சேன். நடுவுல அந்தப் பக்கம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிருச்சுன்னு ஹலோ ஹலோன்னேன். இருக்கேன் பெரியப்பச்சின்னுச்சு."

இத ரெண்டு தடவ சொன்னாக. இருக்கேன்னுச்சு, இருக்கேன்னுச்சுன்னு.

அவுக உனக்குச் சொன்னத எனக்கும் சொன்னாக, அதனால எழுதுறேன், அப்பறம் ஊருக்கே சொல்லிட்டாக. நம்ம பொது வீட்டு வளவுல பட்டாலைக் கூடத்துச் செவத்துல பெரிய தஞ்சாவூர்ப் படம் ஒண்ணு இருந்துச்சே, பட்டாபிஷேகம், நீ பிறக்குறதுக்கு முந்தி. செல்லரிச்சுப் போச்சுன்னு இறக்கினதாத்தான் நாங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தோம். அரிக்கல. 1998ல மூத்தவனுக்குக் காலேஜ் கட்டணும்னு முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில போட்டுட்டாக. இருபத்திரெண்டாயிரம். பங்காளி ஆறு புள்ளிக்கும் பொதுவான படம் அது. ஈரல்ல கட்டி, மதுரை டாக்டர் கை விரிச்சுட்டாரு, அந்த மனுஷனுக்கு ராத்திரி ஓடுறது உயிர்ப் பயம் இல்ல, அந்தச் செவத்துல இருக்க வெள்ளைச் சதுரம்.

லண்டன்ல ஒரு அம்மா பத்தி முந்தி சொன்னியே, சிசிலி சாண்டர்ஸ், முதல்ல நர்ஸு அப்பறம் டாக்டரு, 1967ல சாகப் போறவுகளுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி கட்டினவுக, வலின்னா ஒடம்பு வலி மட்டும் இல்ல, மனசு, குடும்பம், சாமி சம்பந்தப்பட்டது எல்லாம் சேந்ததுதான்னு சொன்னாகளே. அப்ப எனக்கு அது ஏதோ பெரிய பேச்சாப் பட்டுச்சு. பெரியப்பச்சிக்கு மார்ஃபின் மாத்திரை போட்டா மூணு மணி நேரம் வயிறு கேக்கும், செவரு கேக்காது.

நான் என்ன நினைச்சேன்னா, நீ ஏதோ சமாதானம் சொல்லியிருப்ப, சாமி மன்னிச்சுரும்னு. நீ சொல்லலையாமே. என்ன செஞ்சா இது முடியும்னு உங்களுக்குத் தோணுதுன்னு திருப்பி அவுகளையே கேட்டியாம். அதுக்கு அவுக கண்டுபிடிச்ச பதில நீ எதிர்பாத்திருக்க மாட்ட. முன்னோருக்குப் பண்ற பங்குனி படைப்புக்கு எல்லாப் பங்காளியும் வந்திருந்தப்ப நாற்காலில தூக்கிட்டு வரச்சொல்லி பட்டாலையில வச்சு விஷயத்தச் சொல்லிட்டு அஞ்சு கவர் எடுத்தாக. இருபத்திரெண்டாயிரத்த ஆறாப் பிரிச்சு, தன் பங்கக் கழிச்சுட்டு, அன்னையிலேர்ந்து வட்டி போட்டு, ஒவ்வொரு கவர் மேலயும் பேரு எழுதி. யாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. பெரியம்மா இரண்டாங்கட்டுக்குள்ள போயிட்டா. நானு, அய்யோ என்னண்ணே இதெல்லாம்னு எந்திரிச்சேன், ஆனா கோயம்புத்தூர்ல இருக்கானே சின்னவன், அவன் கவர வாங்கி அங்கேயே பிரிச்சு எண்ணினான். எனக்கு அவன் கன்னத்துல ஒண்ணு வைக்கணும் போல இருந்துச்சு. சாகப் போற மனுஷன் முன்னாடி நோட்டு எண்ணுறான். எண்ணி முடிச்சுட்டு, சரியா இருக்குண்ணேன்னு சொன்னான்.

அந்த நிமிஷம் பெரியப்பச்சி மொகத்தப் பாக்கணும் நீ. நாங்க நாலு பேரு வேணாம் வேணாம்னு திருப்பிக் குடுத்தது ஒண்ணும் அவுக காதுல விழல. "சரியா இருக்கு"ங்கிறது விழுந்துச்சு. நாங்க மன்னிக்கிறதா நினைச்சு வாங்காம நின்னோம், அவுகளுக்கு வேண்டியது கணக்கு நேராகுறது. அதுக்கப்பறம் நானும் வாங்கிக்கிட்டேன். பீரோவுல அப்படியே இருக்கு, பிரிக்கல.

அன்னையிலேர்ந்து பதினோரு நாள். தமிழ்நாடு கவர்மெண்ட்ல 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வர்றாகள்ல, அந்த நர்ஸுப் பொண்ணு வந்து படுக்கைப் புண்ணு வராமத் திருப்பிப் போடக் கத்துக்குடுத்துச்சு. நானும் தெனம் சாயங்காலம் கோட்டையூர்லேர்ந்து போயி உக்காந்தேன், உன் வேலையத்தான் பாக்குறோம்னு ஒரு நினைப்பு வேற. முதல் ரெண்டு நாள் வாய் மூடல நான், பேங்க் வட்டி குறைஞ்சது, கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா, அது இது. அவுக கண்ண மூடிக்கிட்டாக. மூணாம் நாள் பேசாம இருந்து பாத்தேன். அரை மணி நேரம் ஆத்தா, என்னத்தச் சொல்ல, கை எங்க வைக்கிறதுன்னு தெரியல, சும்மா இருக்குறதுக்கா 1600 மணி நேரம் படிக்கிறீகன்னு நினைச்சது போயி, 1600 மணி நேரத்துல எப்படி வரும்னு ஆயிருச்சு. நாலாம் நாள் தூங்கிட்டேன், அவுகளே தட்டி எழுப்பி வீட்டுக்குப் போடான்னாக.

கடைசி ராத்திரி சிவபுராணம் படிச்சோம். பக்கத்து வளவு ஆச்சிக்குப் பார்க்காம வரும், 95 வரியும். மூத்தவன் சிங்கப்பூர்லேர்ந்து வந்து சேர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முந்தி போயிட்டாக. அவனுக்கு அது இன்னும் ஆறல, வந்ததும் செருப்பக் கூடக் கழட்டாம நின்னுக்கிட்டு இருந்தான். அவன்கிட்டப் போயி நான் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். இது உன் பாடத்துல உண்டா என்னமோ.

பதினாறாம் நாள் விசேஷத்துல ஒருத்தரு கேட்டாரு, டாக்டர் மக வரலையான்னு. டாக்டர் இல்லைங்க, ஆஸ்பத்திரில நோயாளிகளுக்கும் அவுக வீட்டு ஆளுகளுக்கும் பக்கத்துல இருக்குற வேலை, பைபிள் வேணுங்கிறவுகளுக்குப் பாதிரியாரக் கூப்பிட்டு விடுறது, குரான் ஓதணும்னா அதுக்கு ஆள் பிடிக்கிறது, ஒண்ணும் வேணாம்னா கூட உக்கார்றது, ராத்திரி பேஜர் அடிச்சா ஓடுறதுன்னு மூச்சு விடாமச் சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, கவர்மெண்ட் வேலையான்னு கேட்டாரு. சிரிக்காத, அடுத்த கேள்வி சம்பளம்.

இன்னொண்ணு. வரன் விஷயமா புதுவயல்லேர்ந்து வந்தவுகளுக்கும் இதையேதான் சொல்லியனுப்பியிருக்கேன். அவுக இன்னும் பதில் சொல்லல. சொல்லாட்டியும் போகட்டும்.

பெரியம்மா தனியாத்தான் இருக்கா. பகல்ல ஆளுக வர்றாக போறாக, ராத்திரிதான் கஷ்டம். நீ கூப்பிடு. நம்ம ராத்திரி எட்டு மணின்னா உங்களுக்குக் காலைல பத்தரை, டூட்டி இல்லாத நாளாப் பாத்துக்க. அவளுக்குக் காது மந்தம், நீ பேசாம இருந்தா போன வச்சுட்டன்னு நினைச்சுக்குவா, அதனால நடு நடுவுல இருக்கேன்னு கொஞ்சம் சத்தமாச் சொல்லு. கவுனி அரிசியும் சீப்புச் சீடையும் பார்சல் போட்டிருக்கேன், வந்ததும் போன் பண்ணு.

அப்பச்சி