கதிருக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கதிருக்கு,

நேற்று போனில் நீ கத்தியதில் எனக்கு வருத்தமில்லை. "ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் தெரியலையா?" என்று என் எம்.எஸ். நோயைப் பற்றிக் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். எம்.எஸ். என்றால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்.

முதலில் வந்தது கண்ணில். மாடியில் மிளகாய் வற்றல் காயப்போட்டபோது, வலது கண்ணுக்குச் செக்கச்செவேலென்று இருந்தது இடது கண்ணுக்கு வெளிறித் தெரிந்தது. விழியைத் திருப்பினால் வலி. பார்வை நரம்பில் அழற்சி என்று ஸ்டீராய்டு ஏற்றினார்கள், சரியாகிவிட்டது. அப்போதே மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அழற்சியால் விழும் புள்ளி ஒன்றுகூட இல்லை. அப்படி இருப்பவர்களில் 15 வருடத்தில் நாலில் ஒருவருக்குத்தான் எம்.எஸ். வரும் என்பது அமெரிக்காவில் பார்த்த கணக்கு. அந்த நிலையில் எந்த டாக்டர் அந்தப் பேரை எடுப்பார்?

இந்தத் தையில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் பாயும். பக்கத்துக் கிளினிக்கில் வாயு என்று சொல்லியே மூன்று வாரத்தை ஓட்டினார்கள். அவர்கள்மேல் நீ தாராளமாகக் கோபப்படலாம்.

நரம்பு டாக்டர் முழங்காலைத் தட்டி, உள்ளங்காலைக் கீறி, ஒரே கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்தார். இதற்கென்று ஒற்றை டெஸ்ட் கிடையாதாம். நரம்பு மண்டலத்தில் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு சமயத்தில் தாக்கியிருக்கிறதா என்று பொதுவாகப் பார்ப்பார்கள்; வேறு காரணமும் இருக்கக் கூடாது. இந்த நோயை உறுதிசெய்ய 2001ல் வகுத்த மெக்டொனால்ட் விதிகளை இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

ரத்தத்தில் பி12 பார்த்தார்கள், அது குறைந்தாலும் கால் மரக்கும். அக்வாபோரின்-4 என்று ஒரு ஆன்டிபாடியும் தேடினார்கள். அது இருந்தால் நோயே வேறு, எம்.எஸ். மருந்துகளில் சில அதை இன்னும் மோசமாக்கிவிடும். நல்லவேளை, இல்லை.

இந்த முறை எம்.ஆர்.ஐ.யில் புள்ளிகள் இருந்தன. புது அழற்சியைப் படத்தில் காட்டும் கடோலினியம் மருந்தை ஊசியில் போட்டதும் கழுத்துத் தண்டுவடத்தில் இருந்தது பளிச்சிட்டது, அது புதுசு. மூளையில் இருந்தவை பளிச்சிடவில்லை, அவை பழசு. சந்தேகமே வேண்டாமென்று முதுகில் ஊசி போட்டு தண்டுவட நீரும் எடுத்தார்கள். உனக்குப் பிடித்த இறால் மாதிரி சுருண்டு கிடந்தேன். ஊசியைவிட, எழுந்து உட்கார்ந்தாலே வந்த தலைவலிதான் இரண்டு நாள் படுத்தியது. கூடவே ரத்தமும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் இல்லாத புரதப் பட்டைகள் அந்த நீரில் இருந்தன. அழற்சி மூளை, தண்டுவடத்துக்குள்ளேயே நடக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம்தான் டாக்டர் பேரைச் சொன்னார். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, வாயு இல்லை என்று நிம்மதிதான் வந்தது.

டிக்கெட் போடாதே. ஆறு மாதத்தில் மறுபடி எம்.ஆர்.ஐ. இருக்கிறது, அப்போது வா. கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. அது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான்.

அன்புடன்,
அம்மா