‘ஒண்டுமில்லையாம்’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அடைப்பில்லாத மாரடைப்புப் பற்றிய சிறு கைந்நூல் அச்சேறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு இம்மடல்.

முதல் நன்றி மொழி பார்த்த ஆசிரியைக்கு. “மாரடைப்புக்குள்ளேயே அடைப்பு இருக்கிறதே, பிறகென்ன அடைப்பில்லாத மாரடைப்பு?” என்று முதற் பக்கத்திலேயே மறித்தார். நோயாளர் தடுக்கி விழுவதும் அங்கேதான். அஞ்சியோகிராமில் (சாயம் செலுத்தி எடுக்கும் குருதிக்குழாய்ப் படம்) எந்த முடியுரு நாடியிலும் (இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்) 50 வீத ஒடுக்கம்கூட இல்லை என்றதும், “ஒண்டுமில்லையாம்” என்று குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். இதயத்தசையிலிருந்து குருதியில் கசியும் ட்ரொபோனின் என்ற புரதம் ஏறி இறங்கியிருந்தால் இதயத்தசை சேதப்பட்டிருக்கிறது. ஏன் என்று தேடும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

விடுதித் தாதியருக்கு நன்றி. நோ இருக்கும்போதே ஈ.சீ.ஜி. எடுத்து, நேரத்தையும் அதிலேயே எழுதவேண்டும் என்பது அவர்கள் சேர்த்த வரி. நாடி இறுகிச் சுருங்கும் வகை பெரும்பாலும் இரவிலோ விடியப்புறத்திலோ, சும்மா இருக்கும்போது வரும். சில நிமிடங்களில் நாடி தளர்ந்துவிட்டால், பிறகு எடுக்கும் ஈ.சீ.ஜி. நல்லபிள்ளையாய் நிற்கும்.

எம்.ஆர்.ஐ. பக்கத்தைத் திருத்தியவர்களுக்கு நன்றி. இரண்டு வாரத்துக்குள் எடுத்தால்தான் தசைவீக்கம் நன்றாகத் தெரியும். சாயம் ஏற்றிப் பத்து நிமிடமளவில் எடுக்கும் படத்தில், சேதம் தசையின் உட்புறத்திலிருந்து தொடங்கினால் மாரடைப்பு. நடுவிலோ வெளிப்புறத்திலோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் தசை அழற்சி.

தக்கோட்சுபோ என்ற இதயத்தசை நோயை விளக்க நாங்கள் எழுதிய அரைப் பக்கத்தைப் பாசையூர்க் கடற்றொழிலாளர் ஒருவர் ஒரு கோட்டுப்படத்தால் வென்றார். யப்பான் மீனவர் எட்டுக்கால் கணவாய்க்கு இறக்கும் பானையின் பெயர் அது. கழுத்து ஒடுங்கி அடி பருத்த பானை. பேரதிர்ச்சிக்குப் பின் இடது இதயவறை ஊதிநிற்பதும் அப்படித்தான்.

மருந்தாளருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. காரணத்துக்குக் காரணம் மருந்து மாறும் என்பதை அட்டவணையாக்கித் தந்தவர் அவர். நாடிச் சுருக்கத்துக்கு டில்டியாசெம் போன்றவையும் நைத்திரேற்றும். தலையிடிக்கென்று முன்பு எழுதிக்கொடுத்த புறொப்பிரனலோல் தொடர்ந்தால் சுருக்கம் மோசமாகலாம். கொழுப்புப் படிவு வெடித்திருந்தால் அஸ்பிரினும் ஸ்டாற்றினும். வேறிடத்திலிருந்து வந்த குருதிக்கட்டி என்றால் குருதி உறையாமைக்கான மருந்து. நாடிச்சுவர் தானாகக் கிழிந்திருந்தால் (இளம் பெண்களில், பிரசவத்தை ஒட்டியும் இது வரும்) பெரும்பாலும் கைவைக்காமல் ஆறவிடுவதே நல்லது. ஸ்டென்ட் (நாடியை விரித்துவைக்கும் வலைக்குழாய்) வைக்கப்போய்க் கிழிசல் நீளலாம். நோ நிற்காவிட்டாலோ குருதியோட்டம் தடைப்பட்டாலோ அது வேறு கதை.

நாக்குக்குக் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசைக்கு ஒரு வரி போதும் என்றிருந்தோம். அவர் விடவில்லை. இருந்துகொண்டு வைக்கவேண்டும், நின்றால் தலைசுற்றி விழலாம். வந்த கண்ணாடிப் போத்தலிலேயே வைத்திருக்கவேண்டும். திறந்து 8 வாரத்தில் எறிந்துவிடவேண்டும். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்த குளிசை வேலை செய்யாது.

கடைசிப் பக்கம் நெடுந்தீவிலிருந்து வந்த குடும்பத்தினரின் யோசனை. அஞ்சியோகிராம் திகதி, கண்ட காரணம், தவிர்க்கவேண்டிய மருந்து என மூன்று வெற்றுக் கோடுகள். கடல் கடந்து வரமுடியாத இரவில் அங்குள்ள வைத்தியர் முதலில் பார்க்கப்போவது அதைத்தான். அவர்களுக்கும் எங்கள் நன்றி.

இவ்வண்ணம்,
கைந்நூல் தொகுப்புக் குழுவினர்
யாழ்ப்பாணம்