பங்கு பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு

ராமநாதபுரம் கடலோர ஊர்களின் மீனவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், சங்க வாட்ஸ்அப் குழுக்களை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

பாம்பன் பக்கம் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் சார்ஜர் துளை துருப்பிடித்த போன்கள்தான் என் பிழைப்பு. கடந்த மீன்பிடித் தடைக்காலத்தில் இருந்து வேறொரு நோயோடும் போன்கள் வருகின்றன.

விசைப்படகில் வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர், தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய் ஏறிவிட்டதா என்று காத்திருந்தவர். சங்கக் குழுவில் 'நிவாரணப் பட்டியல்' என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது. அனுப்பியது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எண். கோப்புப் பெயரின் வாலில் ஏபிகே என்ற மூன்று எழுத்தை அவர் கவனிக்கவில்லை. அப்படி முடிந்தால் அது பட்டியல் இல்லை, போனில் செயலியை நிறுவும் கோப்பு. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். அரசு முத்திரையோடு ஒரு பக்கம் திறந்து ஏடிஎம் கார்டு எண் கேட்டது; அதையும் கொடுத்தார். அதன்பின் வந்த ஓடிபி எதுவும் அவர் கண்ணில் படவில்லை, கணக்கில் இருந்த பணம் போய்விட்டது. நான் பார்த்தபோது திரையில் அந்தச் செயலியின் படமே இல்லை. அமைப்புகளுக்குள் போய்த் தேடினால், பெயரில்லாமல் ஒரு வெற்று வரி. அவர் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கோப்பு போயிருந்தது. அவருக்கு அனுப்பியவரும் இப்படி ஏமாந்தவர்தான்.

"எந்தப் பயல் உட்கார்ந்து இதைச் செய்கிறான்? அவனுக்கு இதில் என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

1986இல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த இரு சகோதரர்கள் 'பிரெய்ன்' என்ற வைரஸை எழுதினார்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் என்றார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்தார்கள்! இன்று எவன் முகவரி எழுதுவான்? அன்று கோபமும் கெட்டிக்காரத்தனமும். இன்று முழுநேரத் தொழில்.

அதுவும் நம்முடையதைப் போலப் பங்குத் தொழில். டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு, படகுக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, கடலுக்குப் போனவர்களுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறோமே, அந்தக் கணக்கு. (சம்மாட்டிகள் கோபிக்க வேண்டாம், ஒப்பீடு கணக்குக்கு மட்டும்.) தீநிரல், அதாவது இப்படிக் கெடுதல் செய்யும் மென்பொருள் எழுதுகிறவன் பெரும்பாலும் தானே இறங்குவதில்லை, வலையை வாடகைக்கு விடுகிறான். 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் நிறுவனத்தின் கணினிகளை முடக்கி 75 பிட்காயின் (இணையத்தில் கைமாறும் கிரிப்டோ பணம்) பிடுங்கினார்கள்; அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். முடக்கும் நிரல் டார்க்சைட் என்ற கும்பலுடையது. அதை வாடகைக்கு எடுத்து உள்ளே நுழைந்தவர்கள் வேறு. அடுத்த மாதம் அமெரிக்க அரசு மீட்டது 63.7 பிட்காயின். நுழைந்தவர்களின் பங்கு அது என்றே கணிக்கிறார்கள்.

நம் ஊர்த் திருட்டில் இன்னொரு பங்கும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மடல். அண்ணனின் பணம் நேராகத் திருடன் கைக்குப் போகாது. யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் விழுந்து, பல கணக்குகளுக்குச் சிதறி, ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ கரையேறும். வாடகைக் கணக்கு கிடைக்காவிட்டால், வலை நிறைய மீன் இருந்தும் இறக்க இடமில்லாத படகுதான் அவன். அந்த இடத்தை நம் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். சென்ற மாதம் இரண்டு பையன்கள் என்னிடம் மலிவாகப் பழைய போன் கேட்டு வந்தார்கள். கணக்குத் தொடங்கி, பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்தால் கமிஷனாம். 61 நாள் படகு கரையில் நிற்கும்போது கையில் காசு வேண்டும், புரிகிறது. ஆனால் போலீஸ் முதலில் தட்டுவது கணக்குக்காரன் வீட்டுக் கதவை. அதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னதற்குச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

குழுவில் பொறுப்பாளர்கள் மட்டுமே பதிவிடும்படி மாற்றுங்கள். நிவாரணச் செய்தியை ஏலம் நடக்கும் இடத்தில் ஒலிபெருக்கியிலேயே சொல்லுங்கள். பணம் போனவர் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்தால், அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. அண்ணன் வெட்கப்பட்டு வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மூன்று நாள் கழித்து வந்தார்.

இன்று காலை பார்த்தேன். அந்த 'நிவாரணப் பட்டியல்' உங்கள் குழுவில் இன்னும் கிடக்கிறது, கீழே நான்கு பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருக்கிறார்கள். முதலில் அதை நீக்குங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் கைபேசிக் கடைக்காரன்