தக்கலை வீட்டு ரூட்டர்

நாகர்கோவில்,
ஐப்பசி மழை விடாத ஒரு ராத்திரி

மக்கா,

உனக்க கடுதாசி கிட்டிச்சு. தக்கலையில உனக்க வீட்டு நெட்டு ஏன் சண்டித்தனம் பண்ணிச்சுன்னு கேட்டிருந்தே. குத்தவாளி நான்தான். இடியில பழைய ரூட்டர் செத்துப்போச்சுல்லா, அதுக்குப் பதிலா எனக்க வீட்டுப் பரண்ல கெடந்த ஒண்ணை மாட்டிட்டு வந்தேன். "எல்லா லைட்டும் எரியுது அம்மை, இனி பயமில்ல"ன்னு பெருமை வேற.

ரெண்டு நாள் கழிச்சு அம்மை போன் பண்ணினாவ. யூடியூப் ஓடுது, நீ மஸ்கட்ல இருந்து பேசினாலும் தெளிவாக் கேக்குது, பேங்க் பக்கம் மட்டும் வெள்ளையா சுத்திக்கிட்டே நிக்குது. "பணம் இல்லேன்னா இப்படித்தான் காட்டுமா மக்களே?"

பஸ் ஏறிப் போனேன். பிங், அதாவது 'இருக்கியா'ன்னு கேட்டுப் பதில் வாங்குற சோதனைப் பாக்கெட்டு, போகுது. தளத்துப் பேரை எண் முகவரியா மாத்துற டிஎன்எஸ் ஒழுங்கா முகவரி சொல்லுது. நாம அம்புக்குறி போட்டு மார்க் வாங்கின அந்த டிசிபி ஹேண்ட்ஷேக், ரெண்டு பக்கமும் பேசத் தொடங்குமுன்ன கைகுலுக்குறது, சின் ('பேசலாமா'), சின்-ஆக் ('சரி, பேசலாம்'), ஆக் ('கிட்டிச்சு'), மூணும் முடியுது. அதுக்கப்புறம் ஒரு அனக்கமும் இல்ல. ஒரு மணிக்கூர் மண்டையைப் பிச்சேன்.

பெறவு பிங்குக்கு, பாக்கெட்டை வழியில துண்டாக்காதேன்னு சொல்லுற 'உடைக்காதே' கொடியைப் போட்டு அளவைக் கூட்டிக்கிட்டே போனேன். 1464 பைட்டு போச்சு. 1465 போகல. அதுகூட முன்னால ஒட்டுற விலாசச் சீட்டு மாதிரி உள்ள ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் சேதியும் போற முறை) தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேத்தா 1492. அங்க பிடிபட்டுது. வயர்ல ஓடுற ஈதர்நெட்டு ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட்டு தாங்கும். உனக்க வீட்டு லைன் பிபிபிஓஇ (பேரும் கடவுச்சொல்லும் கொடுத்து நெட்டுக்குள்ள நுழையுற முறை), அது 8 பைட்டைத் தனக்குன்னு எடுத்துக்கிடும்.

சின் பாக்கெட்டு பொடிசு, எங்கயும் நுழையும். பேங்க் செர்வர் தான் யாருன்னு காட்டுற சான்றிதழை அனுப்பும்போதுதான் முழு 1500 வருது, ரயில் பாலத்துக்குக் கீழ மாட்டின வைக்கோல் லாரி மாதிரி. அப்ப நடுவுல உள்ள ரூட்டர் "1492-க்குக் குறைச்சு அனுப்பு"ன்னு ஐசிஎம்பியில செர்வருக்குச் சொல்லணும். 1990-லயே ஆர்எஃப்சி 1191-ங்கிற இணைய விதி ஆவணத்துல எழுதி வச்ச ஏற்பாடு. ஆனா பாதுகாப்புன்னு ஐசிஎம்பியை மொத்தமா ஃபயர்வால்ல அடைக்கிறவங்க நிறைய. (நானும் அடைச்சிருக்கேன், நீ பக்கத்துல நின்னு தலையாட்டினே.) சேதி போய்ச் சேராது. செர்வரோ ஆக் வரலையேன்னு அதே பாக்கெட்டை, இடைவெளியைக் கூட்டிக் கூட்டி, திரும்ப அனுப்பிக்கிட்டே கெடக்கும்.

யூடியூப் தப்பிச்சது க்விக்குங்கிற வேற முறையால. டிசிபி இல்லாம, ஹேண்ட்ஷேக் கேக்காத யுடிபி மேல ஓடுறது, 1200 பைட்டுல தொடங்குது. லாரி இல்ல, ஆட்டோ.

பழைய ரூட்டர் இதை நமக்குத் தெரியாமலே சமாளிச்சிருக்கு. சின் தாண்டிப் போகும்போதே அதுக்குள்ள உள்ள எம்எஸ்எஸ் எண்ணை (தலைப்பு 40 போக ஒரு பாக்கெட்டுல ஏத்தலாம்னு சொல்லுற சரக்களவு) 1460-ல இருந்து 1452 ஆக்கிடும். செர்வர் மொதல்லயே சின்ன வண்டியா அனுப்பும். நெட்வொர்க்குல வேலைக்கு ஒரு அடுக்கு, ஒரு அடுக்கு இன்னொரு அடுக்குல தலையிடாதுன்னு பக்கம் பக்கமா எழுதினோமே! இங்க தபால்காரனே கவரைப் பிரிச்சுத் திருத்துதான். அசிங்கம்தான், ஆனா இது இல்லாம இந்த மாதிரி லைன்ல பல தளம் திறக்காது. எனக்க ரூட்டர்ல அந்த செட்டிங்கை ஒரு மூலையில ஒளிச்சு வச்சிருந்தான். தேடிப் போட்டதும் பக்கம் பொசுக்குன்னு திறந்துட்டு.

அம்மை பேலன்ஸைப் பாத்துட்டு மரச்சீனியும் மீன்கறியும் தந்தாவ. லீவுக்கு வரும்போது நல்ல ரூட்டர் ஒண்ணு வாங்கிட்டு வா. எனக்கதைப் பரண்லயே போடணும்.